பலவீனம் என்ன என்று கேட்டால்

சோமலாபுரம், ஆம்பூர்
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு நந்தினி எழுதுகிறேன்.

அம்மா, அண்ணி, பாப்பா, நான் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் வருகிறது, போகிறது. அந்தப் பனியில் நீ எப்படி இருக்கிறாய்? கம்பளி பனியன் வந்து சேர்ந்ததா?

உனக்கு சாட்டிலைட் போன் கிடைப்பதே புதன்கிழமை ஐந்து நிமிஷம். அது அண்ணிக்கும் பாப்பாவுக்குமே பத்தாது. அதனால் நீ கேட்டதற்கு இதில் எழுதுகிறேன். "ஒரு ஊசி உடைஞ்சதுக்கா வேலையை விட்டுத் தூக்குவாங்க?" என்று அண்ணியிடம் கேட்டாயாம். ஷூ கம்பெனியில் அப்படித்தான் அண்ணா. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஊசிப் பெட்டிக்கும் ரிஜிஸ்டருக்கும் பொறுப்பு அண்ணி. துண்டு சரியாக இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அந்த லாட் முழுவதையும் நிறுத்தி ஒவ்வொரு ஷூவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். போடப்போவது குழந்தைகள் இல்லையா?

மே மாதம் போன ஒரு பெட்டியில், ஷூவின் நாக்குப் பகுதிக்குள் ஊசி முனை இருந்ததாக ஜெர்மனியிலிருந்து புகார் வந்தது. நல்லவேளை, கடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கே ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால், ஒட்டியிருந்த இரண்டு துண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஊசியைவிட நீளம். அதாவது ரிஜிஸ்டரில் ஒட்டியிருந்த முனை வேறு ஏதோ ஊசியுடையது. கீழே கையெழுத்து அண்ணியுடையது. ஜூலை கடைசியில் அனுப்பிவிட்டார்கள். சர்வீஸ் சர்டிபிகேட்டில் "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டதால் வேறு கம்பெனியிலும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். இப்போது வீட்டிலேயே ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பகுதியை, அதுதான் அப்பர், தைக்கிறார். விரல் முழுக்கக் குத்து.

இன்னொரு விஷயம். எங்கள் லைனில் குவாலிட்டி சூப்பர்வைசர் வேலை காலி. செக்கர்களில் மூன்று பேரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. எச்.ஆர். ஆல்வின் சார் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு தாள் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். "உங்கள் பலவீனம் என்ன?" என்பதற்கு மட்டும் நாலு நாளாக ஒன்றும் ஓடவில்லை. நீ ஆர்மி போர்டு இன்டர்வியூவில் எல்லாம் உட்கார்ந்தவன், சொல்லு. அண்ணி சம்பளம் நின்றபிறகு இந்த வேலை வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை நந்தினி


27.9.2024

என் நந்துக்குட்டிக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம். சோற்றுக்குக் குறைவில்லை, ருசிதான் கம்மி. உன் கடிதம் ரேஷன் மூட்டையோடு மலை ஏறி வந்தது. பனியன் வந்தது, சைஸ் பாப்பாவுக்குத்தான் சரியாக இருக்கும்.

ஊசி விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். எவளோ ஒருத்தி திருட்டுத்தனமாக முனையை ஒட்டிவிட்டு இன்னும் அங்கேயே ஜம்மென்று சம்பளம் வாங்குகிறாள், என் பெண்டாட்டி விரலைக் குத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் யாரென்று தெரிந்தால் லீவில் வரும்போது நேராக அவள் வீட்டுக்குத்தான் போவேன். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நம் வீடு.

சரி, உன் கேள்விக்கு வருவோம். என்னையும் ஹவில்தார் போர்டில் இதே கேள்வி கேட்டார்கள். எனக்கு முன்னால் போனவன் "எனக்கு பலவீனமே கிடையாது சாப்" என்றான். அடுத்த நிமிஷமே வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் "இந்தி சரியாக வராது, தினமும் அரைமணி நேரம் படிக்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் சூட்சுமம். சின்னதாக ஒரு உண்மையைச் சொல், அதைச் சரிசெய்ய என்ன செய்கிறாய் என்பதையும் சொல். நீ இங்கிலீஷ் என்று சொல்லிவிடு.

உன் நிஜமான பலவீனம் எனக்குத் தெரியும். யாராவது கண்ணைக் கசக்கினால் உன்னால் தாங்க முடியாது. பத்தாவது கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பெண் அழுதாள் என்று காம்பஸ் பாக்ஸைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வளையலை வைத்து வட்டம் போட்டவள்தானே நீ! அதை மட்டும் அங்கே உளறிவைக்காதே. குவாலிட்டி வேலைக்கு இளகின மனசு ஆகாது.

அம்மாவுக்கு நமஸ்காரம். பாப்பாவுக்கு முத்தம்.
சூரியபிரகாஷ்


20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு நீ இல்லை என்று அம்மா இப்போதே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே பனி ஜாஸ்தியா?

நீ சொன்னபடி இங்கிலீஷ் பதிலையே மனப்பாடம் செய்தேன். ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமே? அண்ணியே "நான் கேக்கறேன், நீ சொல்லு" என்றார். மடியில் அப்பர், கையில் ஊசி, மூக்கில் அம்மாவின் கண்ணாடி. ஜெனரல் மேனேஜர் மாதிரியே தொண்டையைச் செருமினார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒன் பலவீனம் இன்னாம்மா?"

"இங்கிலீஷ் சரியா வராது சார். டெய்லி பத்து வார்த்தை படிக்கறேன் சார்."

அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது படிக்காதது. பலவீனம்னா வேற. அதச் சொல்லு."

நான் குனிந்து, கீழே விழுந்திருந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன். அண்ணி நூலை இழுத்துப் பல்லால் கடித்துவிட்டு, "சரி, விடு. இங்கிலீஷே போதும்" என்றார். அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கவில்லை.

அண்ணியின் அப்பா பாகாயத்திலிருந்து வந்துபோனார். அங்கே எல்லோரும் நலமாக இருக்கிறார்கள் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

நந்தினி


14.11.2024

நந்துவுக்கு,

நான் நலம். ரோடு பத்து நாள் மூடிக்கிடந்தது, அதனால் தாமதம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

உன் அண்ணி சௌமியா போனில் எதையும் சொல்வதில்லை. வேலையைப் பற்றிக் கேட்டால் பாப்பாவின் ஸ்கூலைப் பற்றிப் பேசுகிறாள். போன வாரம் நேராகவே கேட்டேன்: "முனையை ஒட்டினது யார்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?" "தெரியாது, வுடுங்க. இருக்கற அஞ்சு நிமிஷத்துல இதுதானா?" என்றாள். பெட்டி அவள் கையில், சாவி அவள் இடுப்பில். அவளுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? யாரையோ காப்பாற்றுகிறாள்.

நீ அதே லைனில்தானே நிற்கிறாய்? கண்டுபிடி நந்து. எனக்கு இங்கே ராத்திரி டியூட்டியில் வேறு நினைப்பே இல்லை. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

இன்டர்வியூ என்ன ஆயிற்று?
சூரியபிரகாஷ்


1.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலம்தானே? புயல் என்று இரண்டு நாளாக ஒரே மழை. பின்பக்கத்துச் சுவர் கொஞ்சம் ஊறியிருக்கிறது. அம்மாவுக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள், வலி பரவாயில்லை. பாப்பா ஸ்கூல் டான்ஸில் மயிலாக ஆடினாள், இறக்கை மட்டும் ஒன்று விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெயபுஷ்பம் டீச்சர் கிறிஸ்துமஸுக்கு இப்போதே ஸ்டார் கட்டிவிட்டார்கள்.

முதல் ரவுண்டில் பாஸ். இங்கிலீஷ் என்று சொன்னதும் ஆல்வின் சார் சிரித்துவிட்டார். "எல்லாருமே இதத்தாம்மா சொல்றீங்க. சரி, எழுதிக்கறேன்." இனி ஜெனரல் மேனேஜர் பஞ்சாட்சரம் சார் முன்னால் உட்கார வேண்டும். அவர் வெளிநாடு போயிருக்கிறார். ஜனவரியில் இருக்கும் என்கிறார்கள்.

நீ கேட்டதற்கு அப்புறம் எழுதுகிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நந்தினி


19.12.2024

நந்துவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை தேதி போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுதுகிறாய். யாரிடம் காது குத்துகிறாய்?

நானே யோசித்துப் பார்த்தேன். அந்த மெஷின் சைரா என்கிற பெண்ணுடையது என்று சௌமியா எப்போதோ வாய்தவறிச் சொன்னாள். அப்படியானால் சைராதான். அவள் உனக்கு தோஸ்த், அதனால் மறைக்கிறாய். ஜெனரல் மேனேஜர் எதிரில் உட்காரும்போது அவள் பெயரைச் சொல்லிவிடு. சௌமியாவின் பெயராவது சுத்தமாகும். இதை நீ செய்யாவிட்டால் எனக்குத் தங்கச்சியே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கோபத்தில் எழுதுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் செய்.
சூரியபிரகாஷ்


12.1.2025

அண்ணனுக்கு,

அம்மா, அண்ணி, பாப்பா சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை இன்டர்வியூ நடந்தது. ஜெனரல் மேனேஜர், ஆல்வின் சார், இன்னும் ஒரு மேடம். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சார் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் அந்த ரிஜிஸ்டரை எடுத்து மேஜைமேல் போட்டார். "போன வருஷம் இருந்தாங்களே, அந்தம்மா மாதிரி அலட்சியமான ஆள் நமக்கு வேணாம். அதனாலதான் ஒன்னப் பாக்கறோம். சொல்லும்மா, ஒன் பலவீனம் இன்னா?"

இங்கிலீஷ் என்று ஆரம்பித்தேன் அண்ணா. பாதி வார்த்தை வெளியே வந்தது. அண்ணியை "அலட்சியமான ஆள்" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார என்னால் முடியவில்லை.

"யாராச்சும் அழுதா என்னால முடியாதுன்னு சொல்ல வராது சார். அந்த முனைய ஒட்டினது நான்தான்" என்றேன்.

ஆமாம் அண்ணா, நான்தான். சைரா இல்லை.

மே பதினைந்து, புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. அது உன் போன் வரும் நேரம். செல்போனை எல்லாம் கேட்டில் செக்யூரிட்டி ரூமில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சர்தார் பாஷா பாய் நல்ல மனுஷர், உன் போன் என்றால் மட்டும் அண்ணியை விடுவார். அண்ணி பெட்டியையும் சாவியையும் ரிஜிஸ்டரையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சைராவின் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. மேஜை, தரை, செருப்புக்கு அடியில் எல்லாம் காந்தம் வைத்துத் தேடினோம். லாட்டை நிறுத்தினால் லைன் மொத்தமும் ஓவர்டைம் நிற்க வேண்டும், கம்பெனி பஸ் போய்விடும், நாற்பது பேரும் அவளைத் திட்டுவார்கள். ஏற்கெனவே இரண்டு வார்னிங் வாங்கியவள். "அக்கா, இந்தவாட்டி என்ன வெளிய அனுப்பிடுவாங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேய்ந்த ஊசி போடும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் குறட்டால் உடைத்து, முனையை ஒட்டினேன். அளந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அண்ணி வந்தார். "எல்லாம் சரியா நந்து?" என்றார். "சரி அண்ணி" என்றேன். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது சொல்லலாம் என்று வாசல்வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன்.

எல்லாவற்றையும் சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணி பாத்ரூம் போயிருந்தார் என்று ஒரு பொய் மட்டும் சேர்த்தேன். போன் என்று சொன்னால் அவர் மேலும் தப்பு வருமே. என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். திரும்ப எடுக்க மாட்டார்கள். அண்ணியிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.
நந்தினி


6.2.2025

நந்தினிக்கு,

கடிதம் கிடைத்தது.

யார் அழுதாலும் நீ தாங்கமாட்டாய் என்று எழுதியிருந்தேன். தப்பாக எழுதிவிட்டேன். சௌமியா உன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு ஆறு மாதம் அழுதிருப்பாள். அதைத் தாங்கிக்கொண்டாய். இங்கிலீஷ் மனப்பாடம் செய்தாய். அவளையே எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாய்.

அந்த ஐந்து நிமிஷத்துக்காக நான் வரிசையில் நின்றது, அவள் பிழைப்பில் மண்ணைப் போடத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி எழுத ஒன்றும் இல்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
சூரியபிரகாஷ்


30.3.2025

அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும். உன்கூட இருக்கும் குடியாத்தத்துக்காரர் தன் வீட்டுக்குப் பேசும்போது சொன்னாராம். அம்மா, பாப்பா நலம்.

நீ எழுதியதெல்லாம் சரி.

அண்ணியை மார்ச் மூன்றாம் தேதி கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதே ஊசிப் பெட்டி, அதே நாற்காலி. சர்டிபிகேட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்கள். சைராவுக்கு ஒரு மெமோவோடு போயிற்று. நான் வீட்டில் அப்பர் தைக்கிறேன். ராணிப்பேட்டையில் இரண்டு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அந்தக் கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். முதல் இடத்தில் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் ஃபிர்தௌஸ் என்று ஒரு மேடம் தண்ணீர் கொடுத்து, பஸ் ஏறும்வரைக்கும் கூட வந்தார். வேலை இரண்டு இடத்திலும் இல்லை. பரவாயில்லை, இன்னும் கம்பெனிகள் இருக்கின்றன.

இதை எழுதுவது அதற்காக இல்லை. ஜனவரியில் நான் சொன்னபோது "ம்" என்று மட்டும் சொன்ன அண்ணி, போன மாதம் என்னிடம் கத்தினார். நீ போன் செய்வதை நிறுத்தியபிறகு ஒருநாள், "ஒங்க அண்ணனுக்கு நீ இன்னா எழுதுன?" என்று கேட்டார். எல்லாவற்றையும் எழுதினேன் என்றேன்.

"போன் வந்ததயுமா?"

"ஆமா அண்ணி."

தைத்துக்கொண்டிருந்த அப்பரைத் தூக்கி எறிந்தார். "யாரு ஒட்டினதுன்னு விசாரிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியாதாடி? பெட்டிய ஒன் கையிலதான குடுத்துட்டுப் போனேன்? நீயா வந்து சொல்லுவேன்னு தெனம் சோறு போடும்போது ஒன் மூஞ்சியப் பாத்தேன். நீ சொல்லல. பேஜாரா இருந்துச்சு, பொறுத்துக்கினேன். கம்பெனியில கேட்டப்பகூட ஒன் பேரையும் சொல்லல, போனையும் சொல்லல. ஏன்? அந்த மனுசன் பனியில உக்காந்துக்கினு, ‘என்னாலதான் போச்சு'ன்னு நெனப்பாரேன்னுதான். வேலை போனா போவுது, அந்த அஞ்சு நிமிசமாச்சும் இருக்கட்டும்னு இருந்தேன். அதயும் எழுதித் தொலச்சிட்டியே!"

அன்றைக்குத்தான் அண்ணி சத்தமாக அழுது பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள்.

நீ போன் செய்து எட்டுப் புதன்கிழமை ஆகிறது அண்ணா. முதல் நாலு வாரம் அண்ணி வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஆல்வின் சாரிடம் ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை மூன்று மணிக்குப் பத்து நிமிஷம், பெட்டியைப் பூட்டி சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு, கேட்டுக்குப் போக அனுமதி வேண்டும் என்று. சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இனி ஒளிந்து ஓட வேண்டியதில்லை. சர்தார் பாஷா பாயைக் கடைத்தெருவில் பார்த்தேன். "கரெக்டா மூணு மணிக்கு வராங்கம்மா. போன கையில வெச்சிக்கினு நிக்கறாங்க. பத்து நிமிசம் ஆச்சுன்னா என்னைப் பாத்துச் சிரிச்சிட்டு உள்ள போயிடறாங்க. சூர்யா தம்பிக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டார்.

என்மேல் உனக்குள்ள கோபம் தீர வேண்டாம். என்னோடு பேச வேண்டாம், எனக்கு எழுதவும் வேண்டாம். லீவில் வரும்போது ஒரு வார்த்தை கேட்பேன் என்றாயே, வந்து கேள், நான் வீட்டில்தான் இருப்பேன்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மட்டும் அண்ணிக்குப் போன் பண்ணிவிடு.

நந்தினி